ஸ்லக் சோதனை பற்றிச் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. இலினாயை விட்டு ஒகாயோ போன முதல் வருஷம். வீடு மாற்றம், புது வேலை என்று அலையும்போதும் மான் சீசனுக்கு முன்னால் ஷாட்கனைச் சுட்டுப் பார்த்திருக்கிறாயே, ரொம்ப சந்தோஷம். இங்கே பெரிய செய்தி, கதிர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டான். இந்த வருஷம் என்னோடு வருகிறான். அவன் தோளை நினைத்துத்தான் 12 கேஜைவிடக் குழல் சிறிய, உதை குறைந்த 20 கேஜ் ஷாட்கன் வாங்கினேன்; இப்போது நானும் அதையே எடுக்கிறேன்.

சரி, உன் விஷயம். 100 கஜத்தில் சுட்ட ஸ்லக் (ஷாட்கனில் போடும் ஒற்றைப் பெரிய குண்டு) எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போனது, துப்பாக்கியை விற்றுவிடவா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. ஒரே ஒரு பெட்டியை வைத்து எந்தத் துப்பாக்கிக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு பேரல் (துப்பாக்கிக் குழல்) இருந்தால்கூட, ஒன்றுக்குப் பிடித்த ஸ்லக் மற்றொன்றுக்குப் பிடிக்காது. எது பிடிக்கும் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது. சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் பேரல் எந்த வகை என்று நீ எழுதவே இல்லை. தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் உள்ளே பார். வரிகள் சுழன்று ஓடினால் அது ரைஃபிள் பேரல். அதற்குப் பிளாஸ்டிக் உறையுள்ள சேபோ ஸ்லக் போடு. பிளாஸ்டிக் உறை அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றிவிட்டு, வெளியே வந்ததும் கழன்று விழுந்துவிடும். உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் ஃபாஸ்டர் ஸ்லக் போதும். முன்பக்கம் கனம், பின்பக்கம் குழிவு என்பதால் அது சுழலாமலே நேராகப் போகும். அதன் பக்கவாட்டில் உள்ள சாய்ந்த வரிகள் சுழற்றுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். பேரல் முனையில் குறுகும் சோக் வழியாக நெரிந்து போகத்தான் அவை உதவுகின்றன. வழவழப்பான பேரலில் சேபோ போட்டால் காசுக்குத்தான் கேடு. ஐந்து தோட்டா உள்ள சின்னப் பெட்டி என்ன விலை விற்கிறது என்று உனக்கே தெரியும்.

இன்னொன்று, சுடும் முன் திருகுகளைப் பார். உன்னுடையது பம்ப் வகை, பேரலைப் பிடித்திருப்பது தோட்டாக் குழாயின் முனையில் உள்ள மேகசின் மூடிதான். அது தளர்ந்திருந்தாலோ ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) தாங்கும் மவுண்ட் ஆடினாலோ நீ எந்த ஸ்லக் வாங்கியும் பயனில்லை.

அப்புறம், எடுத்த எடுப்பிலேயே 100 கஜத்துக்குப் போகாதே. 25 கஜத்தில் தாளில் விழுகிறதா பார்த்துவிட்டு 50-க்குப் போ. மணல் மூட்டைமேல் வைத்து மூன்று குண்டு சுடு. மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஸ்கோப்பைத் திருப்பு. ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் திருகிக்கொண்டே போனால் துளைகளை நீயே துரத்திக்கொண்டு ஓடுவாய். பேரலைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் காத்திரு. சூடான பேரல் குறியை நகர்த்திவிடும். வேறு ஸ்லக்குக்கு மாறும் முன் துடைத்துவிடு. சேபோ சுட்ட பேரலில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும்.

நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது குளிர்ந்த பேரலின் முதல் குண்டு. மான் முன்னால் நிற்கும்போது நீ சுடப்போவது அதைத்தான். வெவ்வேறு நாளில் ஒரு குண்டு மட்டும், அதே தாளில், அதே தூரத்தில் சுட்டு வை. அந்தத் துளைகள் 100 கஜத்தில் நான்கு அங்குலத்துக்குள் நின்றால் எனக்கு அது போதும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய எட்டு அங்குலம். 150 கஜத்துக்கு ஆசைப்படாதே. அங்கே ஸ்லக் பல அங்குலம் தாழ்ந்துவிடும், காற்றும் இழுக்கும். காயத்தோடு ஓடும் மானை இருட்டில் தேடுவதைவிட, சுடாமல் விடுவது எவ்வளவோ மேல்.

உன் 12 கேஜின் உதையையும் சந்தேகப்படு. யாரையாவது விட்டு, உனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு போலித் தோட்டாவைப் போடச் சொல். வெடிக்காத அந்தத் தடவை துப்பாக்கி முனை கீழே குத்தினால், நீ உதைக்குப் பயந்து முன்கூட்டியே தள்ளுகிறாய் என்று அர்த்தம். கதிர் இப்படித்தான் தன் பழக்கத்தைத் தானே கண்டுபிடித்தான். கண் இமைப்பதுகூட அவனுக்குத் தெரிந்தது. இப்போது பயிற்சிக்கு லேசான தோட்டா, தோளில் தடித்த பேட், காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு. விசையை நிதானமாக இழுக்கிறான்.

ஒகாயோவில் 2014 முதல் நேர்ச்சுவர் தோட்டா (பக்கங்கள் முன்னால் குறுகாமல் நேராக இருப்பது) போடும் ரைஃபிளும் மானுக்கு அனுமதி என்பதால் ஷாட்கனே வேண்டாம் என்று சிலர் உன்னிடம் சொல்வார்கள். அது நல்ல வழிதான். ஆனால் கையில் இருப்பதை ஒழுங்காகச் சோதிக்காமல் அதற்குத் தாவாதே. ஷாட்கனோடு போனால் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி மேகசினுக்குள் பிளக் (இடத்தைக் குறைக்கும் அடைப்பு) போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

துப்பாக்கியால் மான் வேட்டையாடும் கன் வீக் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை தொடங்கிவிடும். அதற்குள் இரண்டு மூன்று வகை ஸ்லக்காவது பார்த்துவிடு. சுட்ட தாள்களை எறிந்துவிடாமல் தூரம், ஸ்லக் பெயர், அன்றைய குளிர் எல்லாம் ஓரத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. கதிரும் பார்க்க ஆவலாக இருக்கிறான்.

அன்புடன்,
ரவி