கோடு என்னுடையது, செடி அவளுடையது

அன்புள்ள மாப்ளே,

நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது. எல்லோரும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பின்பக்கத்து இடத்தைத் தோட்டமாக்குகிறோம். நான் காகிதத்தில் கோடு போடுகிறேன், இவள் வந்து அழிக்கிறாள். 1930-இல் சிசிங்ஹர்ஸ்ட் என்ற இடத்தை வாங்கித் தோட்டம் போட்ட இங்கிலாந்துத் தம்பதியும் இப்படித்தான். ஹெரால்ட் நிக்கல்சன் நேர்கோடாகப் பாதை வகுத்துத் தோட்டத்தை அறை அறையாகப் பிரித்தார். விட்டா சாக்வில்-வெஸ்ட் அதற்குள் செடிகளை இஷ்டத்துக்கு வழியவிட்டார். ஓர் அறை முழுக்க வெள்ளைப் பூ. இதைச் சொன்னால், "அப்போ நீங்க கோட்டோட நிறுத்திக்கங்க" என்கிறாள்.

அவளுக்கு எல்லா நிறமும் எல்லா மூலையிலும் வேண்டும். அப்படி வைத்தால் எதுவும் கண்ணில் நிற்காது. பூ நாலு நாள், இலைதான் வருஷம் முழுக்க. கல்வாழையின் அகல இலைக்கடியில் பெரணியை வைத்துப் பார்: இரண்டும் பச்சைதான், ஆனால் ஒன்று மற்றதை எடுத்துக்காட்டும். இரண்டுக்கும் ஈரம் பிடிக்கும். கற்றாழையை அங்கே வைத்தால் வேர் அழுகிவிடும். அதற்கு வெயில் மூலை தனி. குரோட்டன்ஸும் வெயில் பக்கம்தான், நிழலில் அதன் சிவப்பும் மஞ்சளும் மங்கிவிடும்.

அப்புறம், அம்மாவுக்குப் பார்வை ரொம்பக் குறைந்துவிட்டதுடா. போன வாரம் அந்தி நேரத்தில் செம்பருத்திப் பக்கம் திரும்பி, "இது பூக்கவே இல்லையா?" என்றாள். செடி நிறையப் பூ. இருட்டத் தொடங்கினால் சிவப்புதான் முதலில் கறுத்துப்போகும், நல்ல கண்ணுக்கே. புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்ன விஷயம் இது. அதனால் அவள் நாற்காலிக்கு எதிரே நந்தியாவட்டை மட்டும். கரும்பச்சை இலை, மேலே வெள்ளைப் பூ. அது தெரிகிறது அவளுக்கு. பக்கத்தில் வாசனைக்கு நித்தியமல்லி. பாதையின் இரு ஓரமும் வெளிர்நிறக் கல், கால் தடம் மாறாமல் இருக்க. இந்த மூலையில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

மற்ற மூலைகளில் போர் நடக்கிறது. உன் வீட்டில் படர்ந்திருக்கிற ஊதா இலைச் செடியில் நாலு தண்டு ஒடித்துக்கொண்டு சீக்கிரம் வா. வெறும் தண்டை நட்டாலே பிடித்துக்கொள்ளும். மஞ்சள் டுராண்டாவுக்குக் கீழே வைக்கப் போகிறேன். இவளிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே.

உன்,
கோட்டுக்காரன்