என்னைப் படுக்கவிடாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

கத்தி வைக்காமலே என் இடுப்பு வலி கட்டுக்குள் வந்துவிட்டது. முழுக்கப் போய்விடவில்லை, இடையிடையே எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் குனிந்து செருப்பு மாட்டுகிறேன், இரவில் தூங்குகிறேன். அதற்குக் காரணமானவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்ல ஆசை.

முதலில் டாக்டருக்கு. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் தேய்மானம்’, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு தேய்ந்திருக்கிறது என்று படித்ததுமே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நீங்கள் படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்டீர்கள். காலில் பலம் குறைகிறதா, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தொடையிடுக்கு மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும், உங்களுக்கு எதுவும் இல்லை என்றீர்கள். அப்புறம் 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பைக் காட்டினீர்கள். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும், இருபது வயதில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதில் 96 சதவீதம் பேருக்கும் தேய்மானம் தெரிகிறதாம். தலை நரைப்பது போலத்தான் இதுவும் என்றீர்கள். மாத்திரை செய்யாத வேலையை அந்தப் பேச்சு செய்தது.

பிசியோதெரபிஸ்ட் அம்மா, உங்களிடம் நான் பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் கேட்டு அடம்பிடித்தேன். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இவை இரண்டையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 வழிகாட்டுதலில் சொல்லியிருப்பதைப் பொறுமையாக விளக்கினீர்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலம் தேவைக்கு மேல் உஷாராகிவிடும், வலிக்கிறது என்பதாலேயே உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை என்றும் சொன்னீர்கள். முட்டிபோட்டுக் கையூன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பயிற்சி பார்க்கச் சுலபம். செய்தால்தான் தெரியும்! ‘வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யாதீங்க, வலிக்கிற நாளில் ஒரேயடியாக நிறுத்தாதீங்க’ என்ற உங்கள் பேச்சை இன்றும் கடைப்பிடிக்கிறேன்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பியபோது ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கோபம் வந்தது உண்மை. வலி வந்ததும் மனம் எங்கெங்கோ ஓடுவதைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொடுத்தார். தூக்கம் சீரானதும் அதற்குப் பிறகுதான்.

காலையில் கதவைத் தட்டி என்னை நடக்க இழுத்துப்போகும் நண்பா, 2024இல் வந்த ஓர் ஆய்வு உன் பக்கம் இருக்கிறது. முதுகுவலியிலிருந்து மீண்டவர்களில் நடைப்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தோரில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது, சேராதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே திரும்பிவிட்டது. இது தெரியாமலே நீ இழுத்துப்போனாய், அதனால் உனக்கு இரட்டை நன்றி.

நான் எதைத் தூக்கினாலும் ‘பார்த்து, பார்த்து’ என்று பதறியதை நிறுத்திக்கொண்ட அக்காவுக்குத் தனி நன்றி. அது எவ்வளவு கஷ்டம் என்று உன் முகத்திலேயே தெரிந்தது. கூட்டங்களில் நான் திடீரென்று எழுந்து நின்றாலும் கண்டுகொள்ளாத அலுவலக நண்பர்களுக்கும் நன்றி.

கடைசியாக, அக்கறையோடு அறுவை சிகிச்சை நிபுணரின் எண்ணை அனுப்பிய தம்பிக்கு. நரம்பு அழுத்தம் கூடிக் கால் பலவீனமாகிறவர்களுக்கு அந்த வழி தேவைப்படலாம். எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இப்போதைக்கு அழைக்கவில்லை.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்