குக்கர் வாங்காதே, செல்வி

லாஸ்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள செல்வி,

உன் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து இது ஒரே பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

"முதல் தேதியிலிருந்து ஆளுக்குத் தனித்தனியாக இன்சென்டிவ், மாதத்தின் சிறந்த டெய்லருக்குக் குக்கர், வாசலில் போட்டோ" என்று உங்கள் தையல் கம்பெனியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. குக்கர் வாங்காதே. வாங்கிவிட்டால் பத்மா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்துவிடு. அவள்தான் நமக்கு எவர்சில்வர் டம்ளராகவே கொடுத்துத் தீர்த்தவள்.

போனஸ் வாங்கின மறுவாரமே இரண்டாவது மெஷின் வரிசையில், அதான் இரண்டாவது லைனில், ஒன்பது பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். "இந்தக் காலத்துப் பெண்களுக்கு வேலையில் மனசில்லை" என்கிறார் உங்கள் மேனேஜர். மனசு கிடக்கட்டும், அவர்களுக்குக் கொடுத்திருக்கிற வேலையைப் பார். நீ எழுதினதை வைத்தே சொல்கிறேன். காலர் டெய்லருக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர்தான். 30 பீஸ் பண்டில் வரும், தைத்துத் தள்ளுவாள். தையல் விட்டிருந்தால் லைன் கடைசியில் செக்கிங் மேசையில்தான் தெரியும், அதுவும் மத்தியானத்துக்கு மேல். அந்த ஆல்டரை, அதாவது தப்பான பீஸை, பிரித்துத் தைப்பது வேறு யாரோ. அவளுக்கு வந்து சேருவது சூப்பர்வைசரின் கத்தல் மட்டும். எந்த பீஸுக்காகக் கத்துகிறார் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1970களில், ஒரு வேலை செய்கிறவளுக்கு எவ்வளவு உற்சாகம் தரும் என்று பார்க்கவே ஒரு கணக்குப் போட்டார்கள். வேலைக்கு எத்தனை விதத் திறமை வேண்டியிருக்கிறது, ஒரு பொருளை முழுசாகச் செய்கிறோமா, அது யாருக்காவது உபயோகப்படுகிறதா, நாமே முடிவெடுக்க இடம் இருக்கிறதா, செய்தது சரியா தப்பா என்பது வேலையிலிருந்தே தெரிகிறதா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க். முதல் மூன்றின் சராசரியை நாலாவதால் பெருக்கி, வந்ததை ஐந்தாவதால் பெருக்க வேண்டும். முழு மார்க் 343. உன் காலர் டெய்லருக்கு நான் தாராளமாகவே போட்டேன்: 2, 2, 5, சராசரி 3. முடிவெடுப்பதற்கு 2. சரி தப்பு தெரிவதற்கு 1. மொத்தம் ஆறு! நம்ம கணக்கு டீச்சராக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

மேனேஜர் சொல்கிற ரொட்டேஷனையும் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் காலர், ஒரு நாள் கஃப், ஒரு நாள் பாக்கெட். முதல் மார்க் 2லிருந்து 5 ஆகிறது, மொத்தம் 8. ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1968லேயே இதைக் கிண்டல் பண்ணிவிட்டார், ஒரு பூஜ்யத்தை எடுத்துவிட்டு இன்னொரு பூஜ்யத்தை வைப்பது என்று. ரொட்டேஷனை விட்டுவிட்டு, தப்பு உடனே அவள் கண்ணில் படுகிற மாதிரி மட்டும் செய்து கடைசி மார்க்கை 4 ஆக்கு. மொத்தம் 24. ஆனால் இந்த எண்ணின் மேல் சத்தியம் பண்ணாதே. பெருக்காமல் கூட்டினாலே இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஓட்டை எங்கே என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்.

இரண்டாவது லைனை மட்டும் எடு, மற்ற லைன்களைத் தொடாதே. முதலில் நாலு வாரம் எதையும் மாற்றாமல் தினமும் எழுது: எத்தனை பீஸ், நூற்றுக்கு எத்தனை ஆல்டர், எத்தனை பேர் வரவில்லை. இது கையில் இல்லாவிட்டால் பிறகு மேனேஜரோடு வாய்ச்சண்டைதான். அந்த நாலு வாரத்தில் சில்லறைக் கோபங்களைத் தீர்த்துவிடு. பாத்ரூம் டோக்கனை ஒழி. சம்பளம் ஏழாம் தேதி என்றால் ஏழாம் தேதி. குறிஞ்சிப்பாடி வேன் மழையில் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிக்காதே. இதனால் யாரும் உற்சாகமாகிவிட மாட்டார்கள், ஹெர்ஸ்பெர்க்கும் அதைத்தான் சொன்னார். ஆனால் இந்த எரிச்சல் இருக்கிறவரை மற்றது எதுவும் காதில் ஏறாது.

பிறகு பண்டிலை 30லிருந்து 10 ஆக்கு. பாபின் டென்ஷன், அதான் அடிநூலின் இறுக்கம், தப்பாக இருந்தால் 30 கெடாது, 10தான் கெடும். ஆல்டர் தைத்தவளிடமே ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வரட்டும், சூப்பர்வைசர் வழியாக இல்லாமல் செக்கிங் பெண்ணிடமிருந்து நேராக. ஊசி மாற்றுவது, டென்ஷன் சரிசெய்வது, ஸ்டோரில் நூல் எடுப்பது, மெக்கானிக்கைக் கூப்பிடுவது எல்லாம் டெய்லர் கையில். ஊசி உடைந்தால் துண்டுகளை ஒப்படைக்கிற விதியை மட்டும் தளர்த்தாதே. மணிக்கு மணி எழுதுகிற போர்டை அவர்களே எழுதட்டும், அதில் ஆள் பெயர் வேண்டாம், குழுவின் எண்ணிக்கை போதும். எட்டுப் பத்துப் பேர் ஒரு குழு. யார் எந்த மெஷினில் உட்காருவது, எப்போது மாறுவது என்பதை அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

வெளிநாட்டுச் சங்கதி என்று மேனேஜர் உதட்டைப் பிதுக்கினால் அகமதாபாத் காலிகோ மில்லைச் சொல். 1953ல் ரைஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அங்கே ஒரு தானியங்கித் தறிக் கூடத்தில் இதைச் செய்தார். 224 தறி, 12 விதமான வேலை, யாரும் யாரோடும் சேராமல் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை தறிக்கு இத்தனை பேர் என்று குழு பிரிக்கலாம் என்றதும் தொழிலாளர்களே கூடிப் பேசி ஆள் சேர்த்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, சேதத் துணியும் குறைந்தது.

முதல் இரண்டு மூன்று வாரம் பீஸ் குறையும், பயப்படாதே. மேனேஜரிடம் இதை இப்போதே சொல்லி வை. இல்லாவிட்டால் பத்தாம் நாளே கடையைக் கட்டச் சொல்லுவார். அதைவிடப் பெரிய தொல்லை சூப்பர்வைசர். கத்துகிற வேலை போய்விட்டால் அவருக்கு என்ன மிச்சம்? புது ஆளுக்குத் தையல் கற்றுக்கொடுப்பது, அடுத்த ஸ்டைலுக்கு லைன் போடுவது என்று உருப்படியான வேலை கொடுக்காவிட்டால் அவரே நைசாகக் குலைத்துவிடுவார். இன்சென்டிவ் விஷயமும் அப்படித்தான். குழுவாக உட்காரவைத்துவிட்டு ஆளுக்குத் தனியாகக் காசு கொடுத்தால் மெதுவாகத் தைக்கிறவளுக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள். குழுவுக்குக் கொடு. அப்போது வேகமாகத் தைக்கிறவள் முறைப்பாள், அதனால் காலர், கஃப் மாதிரி மூன்று விதத் தையல் வேலை தெரிந்தவளுக்கு மாதச் சம்பளத்திலேயே ஒரு படி கூட்டு. இரண்டு பேர் "எனக்குக் காலரே போதும்" என்பார்கள். விட்டுவிடு. எல்லோருக்கும் வேலையில் வளர வேண்டும் என்று இருக்காது, வீட்டில் போதுமான அளவு வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சம்பளம்தான் எல்லாம் என்று நீ சண்டைக்கு வருவாய், தெரியும். ஃபோர்டு கம்பெனி 1913ல் சுமார் 14,000 பேரை வைத்துக்கொள்ள 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்றதும் ஆட்கள் விட்டு ஓடுவது வெகுவாகக் குறைந்தது, வேலை மாறவே இல்லை. சரிதான். ஆனால் அது கிட்டத்தட்ட இரட்டைச் சம்பளம். உன் முதலாளி கொடுப்பாரா?

கடைசி விஷயத்தில் விளையாட்டு இல்லை. டார்கெட் முடியாதவர்கள் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து முடித்துவிட்டுப் போகிறார்கள், அதற்குக் காசு இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். செல்வி, 1936 ஜூலை 30 அன்று இந்தப் புதுச்சேரியில் 8 மணி நேர வேலை கேட்ட மில் தொழிலாளர்களில் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நீ வேலை பார்க்கிற கடலூர் சிப்காட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். ஓவர்டைம் என்றால் இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். அந்த அரை மணியை நிறுத்தாமல் நான் மேலே எழுதினதில் ஒன்றையும் தொடாதே. போர்டு மாட்டினால் அதையும் கூடுதல் வேலை வாங்குகிற தந்திரம் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பதில் தப்பும் இல்லை.

அடுத்த ஞாயிறு வா. வரும்போது இரண்டாவது லைனின் போன மாத ஆல்டர் நோட்டைக் கொண்டு வா, ஜெராக்ஸ் போதும். முதுநகர் கருவாடு கால் கிலோ, அம்மா கேட்டாள்.

உன்,
வசந்தி