பறவை மேல் மட்டும் பழி போடலாமா?

ஆசிரியருக்கு,

விமானங்கள் மீது பறவைகள் மோதுவது கூடிவருவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். பறவைகள் பெருகிவிட்டன என்று ஒரே வரியில் காரணத்தை முடித்துவிட்டது சரியாகப் படவில்லை. கனடா வாத்து போன்ற சில இனங்கள் பெருகியது உண்மைதான். 2009 ஜனவரியில் ஒரு பயணிகள் விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்க வைத்தது அந்த வாத்துக் கூட்டம்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

அமெரிக்காவில் பறவைகளும் பிற விலங்குகளும் மோதியதாக 1990இல் பதிவானவை 2,000க்கும் குறைவு. 2019இல் 17,000க்கு மேல். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் சேதமில்லை என்றால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இப்போது விமானத்தின் மூக்கில் ஒட்டிய ரத்தக்கறையைக்கூட டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பி, என்ன பறவை என்று ஏட்டில் ஏற்றுகிறார்கள். எண்ணிக்கை ஏறியதில் இதற்கும் பங்குண்டு. அங்கேயே, சேதம் விளைவித்த மோதல்களின் விகிதம் குறைந்துதான் வந்திருக்கிறது.

சரி, நிஜமாகவே கூடியதற்கு என்ன காரணம்? விமானங்கள் அதிகம். இன்ஜின் இரைச்சலும் குறைந்துவிட்டது. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நிம்மதி, பறவைக்கோ முன்னறிவிப்பு போச்சு. போதாததற்கு, எதிரே வருவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் பறவை விலகுகிறது, வேகத்தை அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை என்கின்றன சில ஆய்வுகள். பூனையிடம் தப்ப அது போதும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானத்திடம் எடுபடாது.

கட்டுரை தொடாமல் விட்டது தரையை. மோதல்களில் பெரும்பாலானவை விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும், தாழ்வான உயரத்தில் நடப்பவை. மழை விட்டதும் ஓடுபாதையில் மண்புழுக்கள் ஊர்ந்து வரும். ஓரத்துப் புல்லை வெட்டினால் வெட்டுக்கிளியும் எலியும் மறைவிடம் இழந்து வெளியே ஓடும். கொஞ்ச நேரத்தில் கொக்குகள் இறங்கிவிடும், மேலே பருந்து வட்டமிடும். சரி, புல்லை வளரவிடலாம் என்றால் அதில் ஒளிந்து வாழும் பறவைகள் வேறு. புல் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பதே தீராத வழக்கு. வெடி போட்டு விரட்டுகிறார்கள். அந்தச் சத்தம் பறவைகளுக்குச் சில நாளில் பழகிப்போகிறது. அப்புறம், மதிலுக்கு வெளியே குப்பைமேடும் இறைச்சிக் கழிவும் கிடந்தால் உள்ளே எத்தனை வெடி போட்டு என்ன பயன்? தீனி இருக்கும் இடத்துக்குப் பறவை வரத்தான் செய்யும்.

அடுத்த முறை எழுதும்போது, எத்தனை மோதல் என்பதோடு, என்ன பறவை, எந்த நேரம், பக்கத்துக் குப்பைக் கிடங்கு எவ்வளவு தூரம், அதை அங்கே அனுமதித்தது யார் என்பதையும் விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்