காரணம் தெரியாத கோபத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், ஒளிப்பதிவின் அழகுக்காகவே பார்க்க வேண்டிய படங்களின் வரிசையில் மணிரத்னத்தின் ‘ராவணன்’ (2010) இடம்பெற்றிருந்தது. அழகை நான் மறுக்கவில்லை. சந்தோஷ் சிவனும் வி. மணிகண்டனும் மழையையும் பாசி படிந்த பாறைகளையும் படம்பிடித்த விதத்தில், அதிரப்பள்ளி அருவியின் சாரல் நம் முகத்திலேயே தெறிக்கும். தமிழில் நாயகன் வீராவாகவும், இந்திப் பதிப்பில் அவனைத் துரத்தும் போலீஸ் அதிகாரியாகவும் நடித்த விக்ரமின் உழைப்பும் சாதாரணமானதல்ல.

ஆனால் படம் வெளியானபோது தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அரை மணி நேரத்தில் கொட்டாவி விடத் தொடங்கிவிட்டார். எனக்கும் அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பு வரவே இல்லை. வீரா சீறுகிறான், அவன் கடத்தி வந்த ராகிணி கத்துகிறாள், மழை கொட்டுகிறது. போலீஸ் அதிகாரியின் மனைவியை அவன் ஏன் தூக்கி வந்தான்? படம் வெகுதூரம் போன பிறகுதான், திருமண நாளில் அவன் தங்கை வெண்ணிலாவுக்கு நேர்ந்த கொடுமையைக் காட்டுகிறார்கள். வெண்ணிலாவாகப் பிரியாமணி வரும் அந்தச் சில நிமிடங்களில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை முதலிலேயே காட்டினால் என்ன?” என்று என் காதோடு கேட்டார். அதன் பிறகு வந்த மரப்பாலச் சண்டையில் எனக்கே உள்ளங்கை வியர்த்தது. அதே வீரா, அதே காடுதான். அவன் வலி தெரிந்த பிறகுதான் அவன் உயிர் எனக்கு முக்கியமானது.

இதே இயக்குநரும் இதே சந்தோஷ் சிவனும் 1991 தீபாவளிக்குத் தந்த ‘தளபதி’யை நினைத்துப் பாருங்கள். அதுவும் இதிகாசக் கதைதான், அங்கே கர்ணன். அதிலும் கண்ணைப் பறிக்கும் காட்சிகள் எத்தனையோ உண்டு. ஆனால் தொடக்கத்திலேயே, கறுப்பு வெள்ளையில், ஒரு சின்னப் பெண் தான் பெற்ற குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். அந்தப் பிள்ளை வளர்ந்து யாரை அடித்தாலும், யாருக்காக அடிபட்டாலும் நாம் அவன் பக்கம் நிற்பது அதனால்தான். பிறகு கோயிலில் ரயிலின் கூவல் கேட்கும்போது, ஒருவரையொருவர் அறியாத தாயும் மகனும் கலங்குகிறார்கள். அருவியோ மலையோ எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

‘அழகுக்காகவே பார்க்கலாம்’ என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியது அதனால்தான் என்னை உறுத்துகிறது. இவ்வளவு பெரிய கலைஞர்களிடம் கதையையும் சேர்த்துக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. போன மாதம் தொலைக்காட்சியில் அந்தக் கோயில் காட்சி வந்தபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தஞ்சாவூர்.