தவிடு மூன்று நாள் காத்திருக்காது

மேலூர்,
தை 20

அன்புள்ள மாப்பிள்ளை முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ நடக்கத் தொடங்கிவிட்டாய் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே அனைவரும் நலம். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் குறையாமல் வந்ததால் மில்லுக்கு நெல் வரத்தும் நன்றாக இருக்கிறது.

ஒரு விஷயம் மனதைக் குடைகிறது. பொங்கலுக்கு முன்பு பச்சரிசி நிறைய அரைத்தோம். தவிட்டை மூட்டை கட்டி வைத்தால், லாரி மூன்றாம் நாள்தான் வந்தது. எண்ணெய் எடுக்கும் ஆலையில் சோதித்துவிட்டு, அமிலம் ஏறிவிட்டது, சமையல் எண்ணெய்க்கு ஆகாது என்று விலையைக் குறைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. மூட்டைக்குள் கை விட்டபோதே காறல் வாடை அடித்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். அரிசியின் மேல்தோலில் எண்ணெய் ஓர் அடுக்கிலும், அதைச் சிதைக்கும் லிப்பேஸ் என்ற நொதி வேறோர் அடுக்கிலும் இருக்கின்றன. தீட்டும்போது இரண்டும் கலக்கின்றன. கேடு அந்த நிமிடமே தொடங்கிவிடுகிறது. புழுங்கல் தவிடு அத்தனை சீக்கிரம் கெடாததன் காரணமும் புரிந்தது. நெல்லை அவிக்கும்போதே நொதி செயலிழந்துவிடுகிறது.

பச்சரிசித் தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய். அந்த எண்ணெயில் 1 முதல் 2 பங்கு ஒரைசனால். 1954-ல் ஜப்பானில் தவிட்டு எண்ணெயிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். ரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவும் பொருள். எண்ணெயைக் காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்துச் சுத்திகரித்தால் ஒரைசனாலில் பெரும்பகுதி சோப்புக் கசடோடு போய்விடுகிறது. அந்தக் கசடிலிருந்து அதை மீட்பதற்கு வேறு கரைப்பான், வேறு செலவு. அமிலம் ஏறாத தவிடாக இருந்தால், காரமே சேர்க்காமல் நீராவியால் சுத்திகரிக்கலாம்; ஒரைசனால் எண்ணெயிலேயே தங்கும்.

தவிடு மாட்டுக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கும் மாட்டுக்குத்தானே போகிறது! வீணாகக் கெடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உமி எரிக்கும் பாய்லர் நம் மில்லிலேயே இருக்கிறது. நெல் அவிக்கும் அதே நீராவியில், அரைத்த கையோடு தவிட்டைச் சில நிமிடம் சூடேற்றி, ஈரம் வற்ற உலர்த்திவிட்டால் நொதி அடங்கிவிடும். ஆனால் தவிடு கட்டிபிடிக்காமல் நீராவியை உள்ளே செலுத்தும் வழிதான் பிடிபடவில்லை. சர்க்கரை ஆலையில் 30 வருடம் பாய்லரோடு வாழ்ந்தவன் நீ. உன்னைவிட்டால் யாரிடம் கேட்பேன்?

மாசி பிறந்ததும் வா. பஸ் ஸ்டாண்டுக்குத் தம்பி மகனை அனுப்புகிறேன். நீராவிக் குழாய்களை வரைந்து வைத்திருந்தாயே, அந்தப் பழைய நோட்டை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
சேகர்