தெருவில் தார் போடும் வேலை: நம் அரிசிக்கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

தெருவைச் சுரண்டிப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கடை உண்டா இல்லையா என்று பலர் போனில் கேட்கிறீர்கள். கடை உண்டு. தார் போட்டு முடியும்வரை வண்டியை வாசலில் நிறுத்த முடியாது, அவ்வளவுதான். தெருமுனையில் நிறுத்திவிட்டு ஒரு குரல் கொடுங்கள், மூட்டையைப் பையன் கொண்டுவந்து ஏற்றிவிடுவான்.

"நன்றாக இருந்த ரோட்டை ஏன் சுரண்டினார்கள்?" என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். எனக்கோ பழைய தாரைச் சுரண்டும் அந்த மில்லிங் இயந்திரம் வந்த இரவு தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம். அப்பா கடை திறந்தபோது வாசலில் இரண்டு படிகள். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ஒரு படி முழுக்க உள்ளே போய்விட்டது. ஒரு தடவைக்கு 40 மில்லிமீட்டர் என்று வைத்தாலும், ஐந்து தடவையில் 20 சென்டிமீட்டர். ஒரு படியின் உயரமே அவ்வளவுதானே?

2015 டிசம்பரில் அடிவரிசை மூட்டைகள் அத்தனையும் நனைந்து வீணாயின. அது சென்னையே மூழ்கிய வெள்ளம், அதற்குத் தெருவின் உயரத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்புறம் சாதாரண ஐப்பசி மழைக்கே தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. மழை நாளில் ஒரு பலகைமேல் மூட்டையை அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதினார். நம் தெருவில் இப்போது நடப்பது அந்த வேலைதான்.

சுரண்டியதும் உடனே ஏன் போடவில்லை என்கிறீர்களா? பாதாளச் சாக்கடை மூடிகளைப் புது மட்டத்துக்குச் சரிசெய்ய வேண்டும். தரை ஈரமாக இருந்தாலும் தார் பிடிக்காது. கலவையைச் சூடாகக் கொட்டி, சூடு ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். ஆறிவிட்டால் எத்தனை முறை ஓட்டினாலும் சரியாக இறுகாது. அதனால் ஒரு தூறல் விழுந்தாலும் வேலை தள்ளிப்போகும்.

சுரண்டிய தரையில் வரிவரியாகப் பள்ளம் இருக்கிறது, பைக்கின் முன்சக்கரம் ஆடும். மெதுவாக வாருங்கள். தூசி அதிகம் என்பதால் திறந்த சாக்குகளை உள்ளே நகர்த்தியிருக்கிறோம், அரிசியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் உள்ளே வந்து கேளுங்கள். வயதானவர்கள் வரவே வேண்டாம், போன் செய்தால் வீட்டுக்கே அனுப்புகிறோம், அதற்குத் தனிக் காசு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அரிசிக்கடைக்காரர்